இரண்டு முறை துரத்தப்பட்ட பையன்



உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் மௌக்லி யார் என்று கேட்டுப் பாருங்கள். ஓநாய்கள் வளர்த்த பையன், கரடியோடு ஆடிப்பாடித் திரிகிறவன் என்று உடனே விடை வரும். 1967-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தார் எடுத்த சித்திரப் படமும், 2016-ஆம் ஆண்டில் அவர்களே புதிதாய் எடுத்த படமும் கற்பித்த விடை அது. நாற்பது வயதை எட்டியவர்களைக் கேட்டாலோ, 1993-ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் இந்தி பேசி வந்த ஜப்பானியத் தொடரை நினைவுகூருவார்கள். குல்சார் எழுதிய அதன் துவக்கப் பாட்டை இப்பட்டணத்தில் வளர்ந்த யாரும் மறந்திருக்க வழியில்லை. அது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தபடியால், ஆராதனைக்குப் புறப்படும் வேளையில் நம்முடைய வீடுகளில் நடந்த சிறு யுத்தங்களும் மறக்கத்தக்கவை அல்ல.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மூலமான புத்தகத்தை வாசித்தவர்கள் நம்மில் சிலரே. ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய 'ஜங்கிள் புக்' 1894-ஆம் ஆண்டிலும், அதன் இரண்டாம் பாகம் 1895-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகங்களை விரித்து விற்கிறார்களே, அங்கே இரு பாகங்களும் ஒன்றாய்த் தைத்த பிரதி ஒன்று அகப்பட்டது. பேரப்பிள்ளைக்கென்று வாங்கி, செம்பூருக்குத் திரும்பும் பேருந்திலேயே நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். முடித்து மூடியபோது என் மனம் இரண்டாய்ப் பிரிந்து நின்றது. சில பக்கங்களுக்காக ஆசிரியரை வாழ்த்தத் தோன்றிற்று. சில பக்கங்களைப் பிள்ளையிடம் கொடுக்கக் கை கூசிற்று. இவ்விரண்டையும் இம்மாதம் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது ஒரு தடையை நீக்கிவிடலாம். மிருகங்கள் பேசுவதாகச் சொல்லும் கதை பொய்யல்லவா, விசுவாசிகளின் பிள்ளைகளுக்கு அது ஆகுமா என்று கேட்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு. கேள்வி நேர்மையானதே. பிலேயாமின் கழுதை பேசிற்று என்றால் அது அற்புதம், கதையல்ல என்பார்கள், அதுவும் சரியே. ஆனால் நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று, மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் போன கதையைச் சொல்லுகிறான். அவனை ஒருவரும் பொய்யன் என்று சொல்லவில்லை. அது கதை என்று கேட்டவர்களுக்குத் தெரியும். யாரைக் குறித்த கதை என்றும் தெரியும். ஆகையால் பேசும் மிருகங்களால் எனக்கு இடறல் இல்லை. என் இடறல் வேறிடத்தில் இருக்கிறது.

இந்த ஆசிரியர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ஜே.ஜே. கலைப்பள்ளி. அந்த வளாகத்தில்தான் 1865-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் லாக்வுட் கிப்ளிங் அங்கே சிற்பக்கலை ஆசிரியர். பக்கத்திலுள்ள கிராஃபர்ட் மார்க்கெட்டின் வாசல்மேல் இன்றும் காணப்படும் புடைப்புச் சிற்பங்கள் அவர் வடிவமைத்தவை. காய்கறிப் பையோடு உள்ளே நுழைகிற நாம் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. மகன் பிறந்த வீடு இன்றில்லை. அவ்விடத்தில் பின்னாளில் எழும்பிய பங்களாவே அவர் பெயரால் அறியப்படுகிறது.

சிறுவனைக் கவனித்தவர்கள் ஒரு கத்தோலிக்க ஆயாவும், மீத்தா என்னும் இந்து வேலைக்காரரும். அவர்களோடு பிள்ளை பேசியது இந்துஸ்தானி. தாய் தகப்பன் இருக்கும் அறைக்குள் அனுப்பும்போது ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று எச்சரித்து அனுப்புவார்களாம். அவனோ தான் நினைக்கிற மொழியிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாய்ப் பெயர்த்துத் தட்டுத்தடுமாறிப் பேசுவானாம். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்துவிட்டால் நம் வீடுகளில் நடக்கிறது இதுதானே? தமிழில் பேசு என்று பிள்ளையின் தோளைத் தட்டுகிறோம். அது இந்தியில் நினைத்து, தமிழில் தேடி, பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அதன்பின் நடந்தது சிரிப்பதற்குரியதல்ல. 1871-ஆம் ஆண்டில், ஆறு வயது நிறையாத அவனையும் மூன்று வயதுத் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். சவுத்ஸீ என்னும் கடற்கரை ஊரில், பணம் வாங்கிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு குடும்பத்தில் விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் விளக்கிச் சொல்லாமலே இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அக்காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் நோய்க்குப் பயந்தும் கல்வியைக் கருதியும் அப்படிச் செய்வது வழக்கம். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அவ்வீட்டில் கழிந்தன. அந்த வீட்டு அம்மாள் மிகுந்த பக்திக்காரி. நரகம் என்றொன்று உண்டென்பதையே அறியாதிருந்த சிறுவனுக்கு அதன் சகல பயங்கரங்களையும் அவள் அறிமுகப்படுத்தினாள். அடித்தாள். பொய்யன் என்று எழுதிய அட்டையை முதுகில் மாட்டித் தெரு வழியே பள்ளிக்கு அனுப்பினாள். அவனுக்கு வாசிப்பில் இன்பம் உண்டு என்று தெரிந்ததும், வாசிக்கக் கூடாது என்பதையும் தண்டனைகளில் ஒன்றாய்ச் சேர்த்தாள். அவன் திருட்டுத்தனமாய் வாசித்துக் கண்களைக் கெடுத்துக்கொண்டான். வேதபாகங்களையும் ஜெபங்களையும் மனப்பாடம் செய்யவைத்தாள். இவையெல்லாம் அவர் 1936-ஆம் ஆண்டில் மரித்தபின் வெளிவந்த தன்வரலாற்றில் உள்ளவை. வேதத்தைச் சாட்டையாய்க் கையிலெடுத்த வீட்டின் கதை அது. ஞாயிறு பள்ளியில் போதிக்கிற நம் சகோதர சகோதரிகள் அந்தப் பக்கங்களை ஒருமுறை வாசிப்பது நல்லது.

நம்மவருக்கு இது தொலைதூரச் செய்தியும் அல்ல. பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் படுக்க இடமின்றி, மூத்த பிள்ளையைத் திருநெல்வேலிச் சீமையில் பெரியம்மா வீட்டிலோ விடுதியிலோ விட்டு வளர்த்த குடும்பங்கள் செம்பூரிலும் தாராவியிலும் எத்தனை! யாரையும் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. பெரியம்மாமார் அநேகர் பெற்ற தாயைவிட உருக்கமானவர்கள். ஆனாலும் ரயில் புறப்பட்டபின் நடைமேடையில் நின்ற பிள்ளைக்கு என்ன தோன்றியது என்று நாம் கேட்டதுண்டா?

கிப்ளிங் தனக்குத் தோன்றியதை நேரே சொல்லாமல் ஓநாய்களின் வாயில் வைத்தார் என்பது என் துணிபு. இந்தக் காட்டை அவர் எழுதினது காட்டில் உட்கார்ந்து அல்ல. 1892 முதல் அவர் குடியிருந்த அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பனி மூடிய நாட்களில், அப்போதுதான் பிறந்திருந்த மகள் ஜோசபினை மனதில் வைத்து எழுதினார். கதை நிகழும் மத்தியப் பிரதேசத்துச் சிவனி காடுகள் அவர் கண்டவையல்ல. மற்றவர்கள் எழுதிய நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டவை. தகப்பனார் சில சித்திரங்களை வரைந்துகொடுத்தார். மகளுக்கென்று தம் கையால் எழுதிக் கொடுத்த முதற்பதிப்புப் பிரதி 2010-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையில் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளை 1899-ஆம் ஆண்டில், ஆறு வயதில், நிமோனியாவினால் மரித்துப்போயிற்று.

இனிக் கதைக்கு வருவோம். ஷேர் கான் என்னும் நொண்டிப் புலி விரட்ட, விறகுவெட்டியின் குழந்தை ஓநாய்க் குகைக்கு வந்துசேருகிறது. தாய் ஓநாய் அதைத் தன் குட்டிகளோடு சேர்த்துக்கொள்கிறது. ஓநாய்ச் சபை கூடும்போது அந்நியனைச் சேர்க்க இருவர் பரிந்து பேசவேண்டும். பாலூ என்னும் கரடி பேசுகிறது. பகீரா என்னும் கருஞ்சிறுத்தை, தான் அடித்த கொழுத்த காளை ஒன்றை விலையாகக் கொடுக்கிறது. ஒரு பிள்ளை விலைகொடுத்துச் சேர்க்கப்பட்டது என்ற இடத்தில், உங்களில் அநேகர் என்னைப்போலவே சற்று நிறுத்தி வாசிப்பீர்கள்.

பகீராவைக் குறித்துப் படங்கள் சொல்லாத ஒன்றைப் புத்தகம் சொல்லுகிறது. அது பிறந்தது காட்டில் அல்ல. உதயப்பூர் ராஜாவின் அரண்மனைக் கூண்டில். அதன் தாடைக்கீழ் ரோமம் உதிர்ந்த தழும்பு ஒன்று இருக்கிறது; கழுத்துப்பட்டை தேய்த்த அடையாளம். அதைக் காட்டில் ஒருவருக்கும் காட்டாமல், மௌக்லிக்கு மாத்திரம் காட்டுகிறது.

பையன் வளர வளர, பாலூ அவனுக்குக் காட்டின் சட்டத்தைக் கற்பிக்கிறது. காட்டு தர்பார் என்றால் சட்டமே இல்லாத நிலை என்று நாம் சொல்லுகிறோம். இங்கேயோ காட்டின் சட்டம் ஊரின் சட்டத்தைக் காட்டிலும் கண்டிப்பானது. பசிக்கன்றி விளையாட்டுக்குக் கொல்லலாகாது. வறட்சியில் வைன்கங்கா நதி வற்றி நடுவிலுள்ள பாறை வெளியே தெரிந்தால், ஹாத்தி என்னும் கிழ யானை தண்ணீர் சமாதானத்தைக் கூறும். அதன்பின் புலியும் மானும் ஒரே துறையில் குடிக்கவேண்டும். அங்கே ஒன்றை ஒன்று தொட்டால் மரணம். விடியற்காலை நாலு மணிக்குக் குழாயடியில் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்த நம் தாய்மார் இந்தப் பக்கத்தை வாசித்தால், அந்த யானையை நம் சாலுக்கு அழைத்துவர வழியுண்டா என்று கேட்பார்கள்.

சட்டத்தோடுகூட மௌக்லி ஒவ்வொரு கூட்டத்தின் பாஷையிலும் ஒரு கடவுச்சொல்லைக் கற்றுக்கொள்கிறான். பறவையிடம் பறவையின் சொல், பாம்பிடம் பாம்பின் சொல். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே, நாம் உறவினர், ஒரே இரத்தம் என்பது. அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசிய பேச்சு (அப்போஸ்தலர் 17:26) இவ்விடத்தில் என் நினைவுக்கு வந்தது. சவுத்ஸீயில் தண்டனையாய்க் கற்ற வேதம் இப்படி வேறு உருவில் வெளிப்பட்டதோ என்னவோ. குரங்குகள் மௌக்லியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும்போது, வானத்தில் பறக்கும் பருந்தை அவன் பருந்தின் சொல்லால் அழைக்கிறான். அதனால் உயிர் தப்புகிறான். நம் பிள்ளைகளைப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கச்சேரிக் காரியங்களில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம். பட்டணத்துக்கு வந்த நாளில் நாம் ஒரே சொல்லோடு வந்தோம். அவர்களோ நான்கு கூட்டத்தின் சொல்லும் அறிந்தவர்கள். இந்த அத்தியாயத்தைப் புலம்பெயர்ந்த பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டவேண்டும் என்பேன்.

ஆனால் இத்தனை சொற்கள் அறிந்தும் அவனுக்கு இடமில்லை. இதுதான் கதையின் உயிர். பத்துப் பதினோரு வயதில், ஷேர் கானின் பேச்சைக் கேட்ட இளம் ஓநாய்கள் அவனை மனுஷன் என்று சொல்லித் துரத்துகின்றன. நெருப்பைக் காட்டிப் புலியை அடித்துவிட்டுத் தனியே நிற்கையில் அவனுக்குள் ஏதோ வலிக்கிறது. கண்களில் நீர் வழிகிறது. அதுவரை அழுதறியாதவன், நான் சாகிறேனா என்று கேட்கிறான். அது கண்ணீர், மனிதருக்கு வருவது என்று பகீரா விளக்குகிறது. ஊருக்குள் போகிறான். மெஸ்ஸுவா என்னும் ஸ்திரீ, புலி கொண்டுபோன தன் மகனாயிருக்குமோ என்று அவனைச் சேர்த்துக்கொள்கிறாள். அங்கே அவன் எருமை மேய்க்கிறான். எருமைக் கூட்டத்தைக் கொண்டே ஷேர் கானைக் கொல்லுகிறான். புலித்தோலுக்குச் சர்க்கார் கொடுக்கும் நூறு ரூபாயில் கண்வைத்த வேட்டைக்காரன் புல்தேவ் அவனைச் சூனியக்காரன் என்கிறான். ஊரார் கல்லெறிந்து துரத்துகிறார்கள். முன்பு மனுஷன் என்பதற்காக. இப்போது ஓநாய் என்பதற்காக.

விடுமுறைக்கு ஊருக்குப் போன நம் பிள்ளையைப் பம்பாய்க்காரன் என்கிறார்கள். திரும்பி வந்தால் இங்கே மதறாசி என்கிறார்கள். இதைவிட விளக்கமாய் நான் சொல்லவேண்டுமா?

உண்மையில் ஓநாய்களோடு வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளின் கதி இவ்வளவு அழகானதல்ல. 1867-ஆம் ஆண்டில் வேட்டைக்காரர்கள் பிடித்துக் கொண்டுவந்த சனிச்சர் என்னும் பையன், ஆக்ராவுக்கடுத்த சிக்கந்தராவில் மிஷனரிகள் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தான். 1895-ஆம் ஆண்டில் மரிக்குமட்டும் அவன் பேசக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் கிராமத்தில் நடக்கும் ஒரு சிறு காரியத்தை மாத்திரம் சொல்லிவிட்டு மறுபக்கத்துக்கு வருகிறேன். ஒரு குயவனின் கழுதை களிமண் குழிக்குள் சறுக்கி விழுகிறது. மௌக்லி அதன் வாலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, சந்தைக்குப் போகும் பானைகளை அடுக்கவும் கைகொடுக்கிறான். ஊரார் அருவருக்கிறார்கள். குயவன் தாழ்ந்த சாதி; கழுதை அதிலும் தாழ்ந்தது. காட்டில் வளர்ந்தவனுக்குச் சாதி தெரியவில்லை. குழியில் விழுந்த கழுதையைக் குறித்து ஆண்டவர் பரிசேயரைக் கேட்ட கேள்வி லூக்கா 14-ல் இருக்கிறது. சபைக்குள் வந்தபின்னும் பெண் கொடுக்கையில் சாதியை விசாரிக்கிறவர்கள் இந்த அரைப்பக்கத்தைத் தாண்டிப் போகாதிருப்பார்களாக.

இனி, கை கூசிய பக்கங்கள். சாதியறியாத பிள்ளையைப் படைத்த அதே ஆசிரியர், குரங்குக் கூட்டத்தைக் குறித்துப் பாலூவைப் பேசவைக்கும்போது சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்கள் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். குரங்குகளுக்குச் சட்டமில்லை, தலைவனில்லை, நினைவில்லை. சொந்த பாஷையும் இல்லை, மற்றவர்களிடம் திருடிய சொற்களே உண்டு என்கிறது கரடி. சிறுவர்களுக்கு அது குரங்குச் சேட்டை. வெள்ளைக்காரன் நம் தேசத்தாரைக் குறித்துச் சொன்னவற்றை அறிந்த பெரியவனுக்கோ அந்த வரிகளில் வேறு முகங்கள் தெரிகின்றன. தங்களைத் தாங்களே ஆளத் தெரியாத கூட்டம், வாய் ஓயாத கூட்டம் என்பது அந்நாளில் நமக்கு இட்ட பெயர். 1960-களின் பிற்பகுதியில் இப்பட்டணத்தில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி எழும்பியபோது, நம் பேச்சை யண்டு குண்டு என்று தெருவில் எள்ளி நகைத்தார்கள். ஒரு ஜனத்தின் மொழியைச் சத்தம் என்று சொல்வது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அப்போது கடைகளை இழந்தவர்கள் அறிவார்கள்.

அதைவிடக் கடினமான கதை இரண்டாம் பாகத்தில் வருகிறது. மௌக்லியை ஏற்றுக்கொண்ட குற்றத்துக்காக மெஸ்ஸுவாவையும் அவள் புருஷனையும் ஊரார் கட்டிவைத்து, சூனியக்காரர் என்று சுட்டெரிக்கத் துணிகிறார்கள். மௌக்லி அவர்களைத் தப்புவித்து, ஆங்கிலேயரின் நியாயம் கிடைக்கும் ஊருக்கு அனுப்பிவிடுகிறான். (நியாயம் எப்போதும் ஆங்கிலேயரிடத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள்.) அதன்பின் ஹாத்தியை அழைத்து, இந்த ஊர் இல்லாமற்போகவேண்டும் என்கிறான். ஒருவரையும் கொல்லவேண்டாம், அவர்கள் வேறிடம் தேடிப் போகட்டும். பன்றியும் மானும் காட்டெருமையும் விளைச்சலைத் தின்றழிக்கின்றன. விதைத் தானியமும் போயிற்று. மழை பிடிக்கிறது. கடைசிக் குடும்பம் சுமையோடு வாசலைத் தாண்டும்போது யானைகள் கூரையையும் மண்சுவரையும் இடித்துத் தள்ளுகின்றன. பாகற்கொடி படர்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் ஊர் இருந்த இடம் காடாகிவிடுகிறது.

எழுத்து அபாரம், அதை மறுப்பதற்கில்லை. பிள்ளைகள் கைதட்டுவார்கள், கெட்டவர்கள் தொலைந்தார்கள் அல்லவா? ஆனால் செம்பூர்ப் பக்கத்தில் வாழ்கிறவன் எப்படிக் கைதட்டுவான்? மான்குர்டை அடுத்து, அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நம்மவர் அநேகர் அங்கே வாழ்ந்தார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே வந்த ஜோக்கின் அற்புதம் ஆண்டுக்கணக்கில் அதைக் காக்கப் போராடினார். பின்னாளில், 2000-ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்றவர். 2018-ஆம் ஆண்டில் காலமானார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி அந்தக் காலனி காலிசெய்யப்பட்டது. சுமார் 70,000 பேர். அவர்களைக் கொண்டுபோய் விட்ட சதுப்பு நிலமே இன்றைய சீத்தா கேம்ப். பெயரில் சிறுத்தை உண்டு. அன்று அங்கே இருந்தது சேறும் கொசுவும். அடுத்த மாதம் மழை. யானைகள் கூரையைப் பிய்க்கும் அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். அந்த ஊரில் கைக்குழந்தைகள் இருந்திருக்கும். புல்தேவின் பொய்யில் பங்கில்லாத கிழவிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று புத்தகம் கேட்கவே இல்லை. கழுதையைக் குழியிலிருந்து இழுத்துவிட்டானே, அந்தக் குயவன் எங்கே போனான்?

நினிவேயின் அழிவைக் காண யோனா நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்திருந்தான். அங்கே கர்த்தர் ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் வைத்திருந்தார். கூடவே அநேக மிருகஜீவன்களையும் (யோனா 4:11). வேதத்தை மனப்பாடம் செய்த கிப்ளிங்குக்கு அந்த வசனம் தெரியாமலிருந்திருக்காது. துரத்தப்பட்ட ஒரு பிள்ளையின் வேதனையை அவ்வளவு நெருக்கமாய் அறிந்த மனுஷன், ஒரு கிராமமே துரத்தப்படுவதை ஜெயகீதத்தோடே முடிக்கிறார். 1919-ஆம் ஆண்டில் ஜாலியன்வாலாபாகில் சுடச் சொன்ன டயருக்காக அடுத்த ஆண்டு பத்திரிகை ஒன்று நிதி திரட்டியபோது, பத்துப் பவுன் அனுப்பியவர்களில் இவரும் ஒருவர். இதை அறிந்தபின் தாய் ஓநாயின் குகையைப் பழைய மகிழ்ச்சியோடு திரும்ப வாசிக்க முடியுமா என்று எண்ணினேன். வாசித்தேன். மகிழ்ச்சி குறையவில்லை. அதுதான் என்னை அதிகம் கலங்கப்பண்ணினது.

அப்படியானால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பீர்கள். கொடுங்கள். ஒளித்துவைப்பதில் பயனில்லை, ஒளித்துவைத்த வீட்டில் வளர்ந்தவர்தான் இதை எழுதினார். முதல் பாகத்திலுள்ள மௌக்லியின் மூன்று கதைகளை எட்டு, ஒன்பது வயதில் கூடவே உட்கார்ந்து வாசியுங்கள். மலைப்பாம்பு கா, படத்தில் வருவதுபோல வஞ்சகன் அல்ல. மௌக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்கிறவனே அவன்தான் என்று கண்டு பிள்ளைகள் திகைப்பார்கள். ரிக்கி-டிக்கி-டாவி என்னும் கீரிப்பிள்ளையின் கதையையும் கொடுங்கள். பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டு அடித்துக் கொன்ற தாயின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கீரி பிழைத்திருந்து வாழ்த்துப் பெறும் கதை சற்று ஆறுதல் தரும். தன் கூட்டத்தாரைத் தடிகொண்டு அடித்துக் கொல்லும் மனிதர் வராத கடற்கரை ஒன்றைத் தேடி ஆண்டுக்கணக்கில் நீந்தும் வெள்ளைக் கடல்நாயின் கதையும் நல்லது. பிழைக்க இடம் தேடிப் புறப்பட்டவர்களுக்கு அது சுலபமாய்ப் புரியும். ராணுவ முகாமில் மிருகங்கள் பேசிக்கொள்ளும் கடைசிக் கதை எனக்குச் சுவைக்கவில்லை. கோவேறு கழுதை ஓட்டுகிறவனுக்கு அடங்க, அவன் மேலதிகாரிக்கு அடங்க, முடிவில் எல்லாரும் விக்டோரியா மகாராணிக்கு அடங்குவதே பெருமை என்று முடிகிறது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. ஊரை அழிக்கும் கதையை மாத்திரம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை தள்ளிவைத்து, வாசிக்கும்போது அந்தக் குயவனைப் பற்றிக் கேளுங்கள்.

மௌக்லி பெரியவனானபின் என்ன ஆனான் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் அதற்கும் விடை இருக்கிறது. ஜங்கிள் புக்குக்கு முன்னமே, 1893-ஆம் ஆண்டில் வெளிவந்த வேறொரு தொகுதியில், வாலிபனான மௌக்லி வருகிறான். காட்டிலாகா துரை ஒருவர் அவனுடைய திறமையைக் கண்டு அதிசயித்து, அவனை வனக்காவலனாகச் சேர்த்துக்கொள்கிறார். சர்க்கார் உத்தியோகம், மாதச் சம்பளம், முடிவில் ஓய்வூதியம். நம் தாய் தகப்பன்மார் கேட்டிருந்தால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள். துரை வீட்டுப் பட்லரின் மகளை விவாகம்பண்ணிக்கொண்டு ஒரு குழந்தைக்கும் தகப்பனாகிறான். ஓநாய்கள் மாத்திரம் அவனை விட்டுப் போகவில்லை. அவன் குழந்தையின் பக்கத்திலும் அவை இருக்கின்றன.